ஓலைக்கூட்டு விளக்கு கருகினதும் பூத்ததும்

புதுக்குடியிருப்பில எங்கட வீட்டு விறாந்தைக்கு நானே பனங்குருத்தோலையில ஒரு விளக்குக்கூடு இழைச்சன். பெட்டி இழைக்கிற மாதிரித்தான், அடியை மட்டும் திறந்து விட்டது. இழைக்க ரெண்டு நாள், பழுதாக மூண்டு கிழமை.

முதல் பிழை பல்ப். பழைய 60 வாட் இழைக் குமிழ் போட்டிருந்தன். அது எடுக்கிற மின்சாரத்தில பெரும்பகுதி சூடாத்தான் போகும். கூட்டின் மேல்வாய் ஒடுக்கம், சூடு அங்கேயே தங்கி ஓலை பழுப்பாகி, ஒருநாள் கருகல் மணம். நெருப்புப் பிடிக்காதது எங்கட அதிர்ஷ்டம்!

மேல்வாயை மூண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்ட சிரட்டையொண்டை ஈர்க்குக் கட்டையளில தூக்கி வைச்சன். சூடு மேலால போகும், பூச்சி விழாது. 5 வாட் மஞ்சள் எல்ஈடி மாட்டினன். விறாந்தைக்கு அது தாராளம். வயர் வேலையை மட்டும் தெரிஞ்ச ஆளிட்ட விட்டன், 230 வோல்ற்றோட விளையாட ஏலாது.

பிறகு கார்த்திகை மழை. கூடு முழுக்கப் பூஞ்சணம். பக்கத்து வீட்டு ஆச்சி பாத்திட்டு, "பச்சோலையை அவிக்காமலே இழைச்சனி?" எண்டு சிரிச்சா. ஏட்டுக்கு ஓலை அவிச்சுக் காயவைக்கிற வழக்கம் இருக்கெண்டு தெரிஞ்சும் எனக்கு உறைக்கேல்லை. மழை விட்டதும் புது ஓலையை மஞ்சள் போட்டு அரைமணித்தியாலம் அவிச்சு, நிழலில நல்லாக் காயவிட்டு இழைச்சன். அடுத்த மாரியில காம்படியில மட்டும் கொஞ்சம் பூத்தது, துணியால துடைச்சுவிட்டன்.