தர்மபுரி, கிருஷ்ணகிரில இருந்து கடலோர காலேஜுக்கு போறதா இருந்தா எதை பாத்து சேரணும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா நம்ம பக்கம் இன்ஜினியரிங், நர்சிங், இல்லன்னா ஓசூர்ல கம்பெனி வேலைன்னு இதுக்குள்ளயே சுத்துவாங்க. கடலோரமா போயி தொழில் படிப்பு படிக்கலாமான்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது.

மொதல்ல ஊர முடிவு பண்ணாதீங்க, வேலைய முடிவு பண்ணுங்க. படிச்சு முடிச்சு நிக்கப்போறது இறால் பண்ணையிலயா, மீன் ஏற்றுமதி கம்பெனியில தரம் பாக்கிற க்யூசி ரூம்லயா, கப்பல் இன்ஜின் ரூம்லயா? மூணுக்கும் ஒரே படிப்பு கிடையாது.

மீன் பக்கம்னா நாகப்பட்டினத்துல இருக்கிற தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், 2012ல ஆரம்பிச்சது, ஆனா அதுக்கு கீழ வர்ற தூத்துக்குடி காலேஜ் 1977லயே வந்துடுச்சு. பி.எஃப்.எஸ்சிங்கிற மீன்வள அறிவியல் டிகிரி நாலு வருஷம், பயாலஜி படிச்சிருக்கணும், நீட் வேணாம். மேத்ஸ் பசங்களுக்கு ஃபிஷரீஸ் இன்ஜினியரிங் பி.டெக் இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல இது வராதுங்க, இதுக்குன்னு தனியா அப்ளை பண்ணணும், கவுன்சிலிங்லயே வந்துடும்னு உக்காந்திருந்தா கோட்டை விட்டுடுவீங்க. 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு மீன்வளப் படிப்புக்கும் உண்டு. அரூர், பென்னாகரம் பக்கத்து பசங்க இதை கண்டிப்பா கேட்டு வாங்கணும்.

அங்கயே பி.வோக்னு தொழிற்கல்வி டிகிரியும் இருக்கு, மூணு வருஷம். பொதுவா பி.வோக்ல ஒரு வருஷத்துல நிறுத்துனா டிப்ளமா, ரெண்டு வருஷம்னா அட்வான்ஸ்டு டிப்ளமான்னு நடுவுல வெளிய வர வழி இருக்கும், சீக்கிரம் சம்பாதிக்கணும்னா நல்லதுதான். ஆனா பின்னாடி எம்.எஃப்.எஸ்சின்னு மீன்வளத்துல மேல்படிப்பு படிக்கணும், பேங்க்ல விவசாய அதிகாரி எக்ஸாம் எழுதணும்னு ஆசை இருந்தா நாலு வருஷ பி.எஃப்.எஸ்சிதான் எடுக்கணும். ரெண்டும் ஒண்ணுதான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நேர்ல போயி பாக்காம சேராதீங்க. நாகப்பட்டினம் போறதுக்கு முன்னாடி போச்சம்பள்ளிகிட்ட பாரூர் போயிட்டு வாங்க, அதே யுனிவர்சிட்டியோட மீன் வளர்ப்பு மையம் அங்க இருக்கு. கிஃப்ட் திலேப்பியாங்கிற வளர்ப்பு மீன் ரகத்தோட குஞ்சுங்கள தொட்டியில வலை போட்டு அள்ளி பிரிக்கிறத பாத்து, இந்த சேறும் வாடையும் நமக்கு ஒத்துவருமான்னு அங்கயே தெரிஞ்சுக்கலாம், பஸ் செலவும் கம்மி.

காலேஜுக்கு எல்லாரும் மே மாசம் போவாங்க, ரிசல்ட் டைம் பாருங்க. ஆனா கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில கட்டி கிடக்கும், அத பாத்துட்டு இங்க தொழிலே இல்லன்னு வந்துடாதீங்க. முடிஞ்சா பிளஸ் டூ படிக்கிறப்பவே பொங்கல் லீவுல ஒரு ட்ரிப் போட்டுடுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல் எல்லாம் அந்த பக்கம் ஜாஸ்தி.

உள்ள போனா கட்டடத்த பாக்காதீங்க, மீன் பதப்படுத்துற லேப்ப தொறக்க சொல்லுங்க. தரை ஈரமா இருக்கா, கம்பூட்ஸ் தேஞ்சிருக்கா, ஃப்ரீசர் கதவுல டெம்பரேச்சர் எழுதி வைக்கிற சீட்டுல இந்த வாரத்து தேதி இருக்கா? கடைசியா போன வருஷம் எழுதியிருந்தா அந்த லேப் ஆளுங்க வந்தா காட்டுறதுக்குத்தான். ஃபைனல் இயர் பசங்கள டீக்கடையில புடிச்சு, ட்ரெய்னிங் எந்த கம்பெனியில, எத்தன வாரம்னு கேளுங்க, ஆபீஸ்ல குடுக்கிற பிளேஸ்மென்ட் நோட்டீஸ விட அது உண்மையா இருக்கும். இன்னொண்ணு, இதுல கத்துக்கிற ஹாசப் (உணவு கெட்டுப்போகாம பாதுகாப்பா தயாரிக்கிற முறை), ஃப்ரீசிங் எல்லாம் நம்ம கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கும் வேணும், அதனால ஊருக்கு திரும்பினாலும் வேலைக்கு வழி இருக்கு.

கப்பல்னா கணக்கே வேற. சென்னை உத்தண்டியில இந்தியன் மாரிடைம் யுனிவர்சிட்டி, 2008ல வந்த சென்ட்ரல் யுனிவர்சிட்டி, சேர எண்ட்ரன்ஸ் எழுதணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி கண் டெஸ்ட் எடுத்துடுங்க, நிறக்குருடு இருந்தா எடுக்கமாட்டாங்க. தனியார் காலேஜ்னா மத்திய அரசோட கப்பல் துறை ஆபீஸ் டிஜி ஷிப்பிங்கோட அப்ரூவல் இருக்கான்னு அவங்க வெப்சைட்லயே பாருங்க, காலேஜ் நோட்டீஸ்ல போட்டிருக்கிறது பத்தாது. கப்பல்ல ஏத்திவிடறேன்னு லட்சக்கணக்குல கேக்கிற ஏஜென்ட்கிட்ட ஆர்.பி.எஸ்.எல் நம்பர், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்க டிஜி ஷிப்பிங் குடுக்கிற லைசென்ஸ் நம்பர் கேளுங்க, மழுப்பினா அப்பவே போன வச்சுடுங்க.