உலக்கைப் பூணும் க்யூ பூணும்

ஸ்னூக்கர், பூல் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கோலான க்யூவின் நுனியில் தோல் டிப்புக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வளையம் இருக்கிறதே, அதுதான் ஃபெரூல். தமிழில் பூண் என்றே சொல்லலாம். உலக்கைக்கும் கைத்தடிக்கும் போடுவது போலத்தான், அடி வாங்கும் நுனி பிளந்துவிடாமல் காக்க. டிப்பைக் கோணலாக ஒட்டுவது, பசையை வழிய விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு டிப் வீணானால் அவை தானாகத் திருந்திவிடும். எந்தப் பொருளில் பூண் போடுவது என்பதில் செய்யும் பிழை அப்படியல்ல. பார்க்க அழகாக இருந்துகொண்டே ஆட்டத்தைக் கெடுக்கும். நான் பட்டதையே புதியவர்கள் ஒவ்வொருவராக வந்து படுவதைப் பார்த்து அலுத்துப்போய் எழுதுகிறேன்.

பூல் க்யூவுக்குப் பித்தளை

நம் ஊரில் க்யூ பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்னூக்கரில் தொடங்கியவர்கள். ஸ்னூக்கர் விதிகள் 1880-களில் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன என்ற பெருமை வேறு நமக்கு. ஸ்னூக்கர் க்யூவின் பித்தளைப் பூணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பூல் க்யூவின் வெள்ளைப் பூண் மலிவாகத் தெரிகிறது. அது விரிசல் விட்டதும் நேராக லேத் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் அப்படித்தான் வந்தார். அரை அங்குலம் கூட இல்லாத பழைய பூணை எடுத்துவிட்டு, பட்டறையில் கடைந்த ஓர் அங்குலப் பித்தளையை மாட்டியிருந்தார். "பித்தளை என்றால் ஆயுளுக்கும் தாங்குமே, அண்ணா?" என்றார். தாங்கும்தான். அவர் வந்தது வேறு குறைக்காக: சைடு வைத்து, அதாவது பந்தின் நடுவை விட்டுப் பக்கத்தில், அடித்தால் பந்து குழிக்குப் போவதே இல்லையாம். கையில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று மாதம் பயிற்சிக்குப் பணம் கட்டி, நன்றாக இருந்த கையையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

நடப்பது இதுதான். வெள்ளைப் பந்தை நடுவை விட்டு வலப்பக்கம் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே பந்து சுழலத் தொடங்கி க்யூவின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நுனி இலேசாக இருந்தால் ஒதுங்கி வழிவிடும். கனமாக இருந்தால் முரண்டு பிடித்துப் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். வெள்ளைப் பந்து குறியை விட்டு இடப்பக்கம் விலகிப் போகும். இதில் க்யூவின் மொத்த எடைக்கு வேலையில்லை. நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கிற எடைதான் பேசும். கடைக்கோடியில் இருப்பது இன்னும் உரக்கப் பேசும். பூண் உட்கார்ந்திருப்பதே அந்தக் கடைக்கோடியில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 13 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளம், நடுவில் 8 மி.மீ. துளை உள்ள பூண். துணி பொதிந்த மெலமைன் பிசினில் செய்தால் ஏறக்குறைய 3 கிராம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 2 கிராமுக்குச் சற்று மேல். பித்தளையில் 17 கிராமைத் தாண்டும். இலேசான ஷாஃப்ட் (க்யூவின் முன்பாதி) என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அதைச் செய்கிறவர்கள் நுனி மரத்தைக் குடைந்து, பூணைக் குட்டையாக்கி, ஒவ்வொரு கிராமாகக் குறைக்கிறார்கள். நாம் பட்டறையில் பதினான்கு கிராமைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறோம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

அப்படியானால் ஸ்னூக்கருக்கு மட்டும் பித்தளை எப்படி ஒத்துவருகிறது? அந்த க்யூவின் நுனியே 9, 10 மி.மீ.தான். பூண் தகடு போல மெல்லியது, நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. எடை இரண்டு கிராம் கூடத் தேறாது. உலோகத்தின் பெயர் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

அந்த மாணவரின் பித்தளையைச் சூடுகாட்டிப் பசையை இளக்கிக் கழற்றினேன். உள்ளே இருந்த மரமுளையைப் பட்டறைக்காரர் பென்சில் கனத்துக்குச் சீவியிருந்தார். பூணோடு அதுவும் ஒடிந்து வந்தது. முளை இல்லாவிட்டால் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கிப் புது முளை கடைய வேண்டும். நுனி தடித்துவிடும், அடிக்கும்போது கைக்குப் பழைய உணர்வு வராது. அவர் புது ஷாஃப்ட் வாங்கினார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் என் முதல் பூல் க்யூவுக்கு இதே பித்தளையைப் போட்டு, பளபளவென்று துடைத்து, நண்பர்களிடம் காட்டித் திரிந்தவன் நான். எனக்கு மூன்று மாதமல்ல, ஒன்றரை வருடம் ஆனது புரிய.

உடைந்த பூணை மாற்றுவதானால் பழையது என்ன நீளம், என்ன எடை என்று அளந்துவிட்டு அதற்குள் அடங்கும் பொருளைத் தேடுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசு போதும்.

தந்தம்

வேண்டாம். 1989-இல், அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலும் குற்றம். போதாதற்குக் காய்ந்தால் வெடிக்கும்.

மழைக்காலத்தில் மரத்தைத் தேய்ப்பது

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது. ஐப்பசி, கார்த்திகையில் மேப்பிள் மரம் ஈரம் குடித்து ஊதும். மெலமைனோ பிளாஸ்டிக்கோ அந்த அளவுக்கு ஊதாது. விரலை ஓட்டிப் பார்த்தால் பூண் முடியும் இடத்தில் ஒரு மேடு தட்டும். உடனே உப்புத்தாளை எடுத்து மரத்தைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். பங்குனியில் மரம் வற்றியதும் மேடு இடம் மாறிப் பூணில் நிற்கும். பிறகு பூணைத் தேய்ப்பார்கள். இப்படியே இரண்டு வருடத்தில் 13 மி.மீ. நுனி 12-க்கு வந்துவிட்ட க்யூ ஒன்று என்னிடம் பழுதுக்கு வந்தது. உலர்ந்த அறையில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சாக் கறைக்குப் பயந்து வழுவழு பிளாஸ்டிக்

டிப்பில் தேய்க்கும் சாக்கின் நீலக் கறை ஆட்டத்தைக் கெடுக்காது. ஈரத்துணி போதும்.

பினாலிக்

இதுவும் ஒரு கெட்டிப் பிசின். பிரேக் க்யூவுக்கு, அதாவது ஆட்டத்தின் முதல் அடிக்கென்று வைத்திருக்கும் க்யூவுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் ஆடும் க்யூவில் அந்தச் சத்தத்தை என் காது ஏற்பதில்லை. உங்கள் காது வேறாக இருக்கலாம்.