பூக்கடைக் கணக்கில் எக்செல் ஃபார்முலா பழகலாம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். விலையைத் திருத்தினால் தொகையும் கமிஷனும் தானாகத் திருந்த வேண்டும். அதற்குத்தான் ஃபார்முலா. ஆனாலும் கால்குலேட்டரில் பெருக்கி, விடையை மட்டும் எக்செல்லில் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். எங்கே தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். விடை முன்கூட்டியே தெரிந்த சின்னக் கணக்கில் பழகினால் அந்தப் பயம் போய்விடும்.

புதுத் தாளில் முதல் வரியில் தலைப்புகள்: ஏ-யில் ஊர், பி-யில் கிலோ, சி-யில் விலை, டி-யில் தொகை, இ-யில் கமிஷன். கீழே மூன்று வரி:

உசிலம்பட்டி, 12.5, 800
திருமங்கலம், 8, 750
உசிலம்பட்டி, 15, 820

கிலோ கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். ‘8 கிலோ’ என்று தட்டினால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பெருக்கினால் #வேல்யூ! என்று காட்டிவிடும், பரவாயில்லை. கூட்டும்போதுதான் ஆபத்து: கூட்டல் ஃபார்முலாவான சம் (SUM) அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டும். எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

டி2-வில் (டி வரிசையில் இரண்டாம் வரிக் கட்டம்) =பி2*சி2 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். (கீபோர்டில் ஆங்கில எழுத்துதான்.) 10,000 வரும். கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் அடுத்து 6,000, 12,300. டி5-ல் =சம்(டி2:டி4) போட்டால் 28,300.

பலரும் தடுக்கி விழுவது கமிஷனில். பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜி1-ல் 10% என்று எழுதி, இ2-வில் =டி2*ஜி1 போடுங்கள். 1,000 சரியாக வரும். கீழே இழுத்தால் மற்ற இரண்டும் பூஜ்ஜியம்! ஒவ்வொரு வரி இறங்கும்போதும் ஜி1 என்பது ஜி2, ஜி3 என்று தானும் இறங்குகிறது. அங்கே ஒன்றும் இல்லை. இ2-வில் எஃப்2 அழுத்தி, கர்சரை ஜி1 மேல் வைத்து எஃப்4 தட்டுங்கள். $ஜி$1 ஆகிவிடும். லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். மறுபடி இழுத்தால் 600, 1,230. இந்த டாலர் குறி ஒன்று பிடிபட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஊர்வாரியாகக் கூட்ட, காலியான ஒரு கட்டத்தில் =சம்இஃப்(ஏ2:ஏ4,"உசிலம்பட்டி",டி2:டி4). விடை 22,300. குறைந்தால், ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்செல்லுக்கு அது வேறு ஊர்.

இனி சோதனை. சி2-வில் 800-ஐ 900 ஆக்குங்கள். தொகை 11,250, கமிஷன் 1,125, உசிலம்பட்டி மொத்தம் 23,550 என்று மாறினால், அன்றைய சீட்டு முழுவதையும் இதே தாளில் ஏற்றலாம். வரி கூடும்போது சம், சம்இஃப் இரண்டிலும் கடைசி வரி எண்ணை நீட்ட மறக்காதீர்கள்.