பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் வீட்டுக்கு 30 கறிக்கோழி

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் இது. ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து ஈரக்காற்று. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் வெயில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டில் வளர்க்கும் கறிக்கோழி சாவதற்குத் தீவனக் குறை காரணமாவது அபூர்வம். முதல் வாரத்தில் சூடு போதாமல் சாகும், பிறகு தரை ஈரமாகிச் சாகும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வீட்டு வேலையோடு வேலையாக நடக்கும்.

30 என்ற எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு 2 மூட்டை தீவனம் போதும். 10 அடிக்கு 5 அடி கொட்டாய் போதும். வீட்டுக்குப் பாதி, அக்கம்பக்கத்துக்குப் பாதி என்று கறியும் தேங்காது. குஞ்சு 100 அடங்கிய பெட்டியாகத்தான் வரும் என்பதால் மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. தடுப்பு மருந்தும் 100, 200 குஞ்சுக்கான குப்பியாகத்தான் கிடைக்கும், அதையும் அன்றே பங்கு போட்டுவிடலாம்.

கொட்டாயின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் உள்ளே விழாது. மேற்குச் சுவர் முழுச் சுவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடிக் காற்றில் சாரல் நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும். வடக்கிலும் தெற்கிலும் ஓரடிச் சுவர், அதற்கு மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. பெரிய கண்ணுள்ள வலையில் கீரிக்குட்டியும் பாம்பும் நுழைந்துவிடும். கூரைக்குத் தென்னங்கீற்றோ நாட்டு ஓடோ போடுங்கள். தகரம் போட்டால் சித்திரையில் கோழி தாங்காது. இறவாரம் 3 அடி வெளியே நீண்டிருக்கட்டும். தரை வெளித்தரையைவிட ஓரடி உயரமாக இருக்கட்டும். சாக்குப் படுதாவை அடியில் ஆணியடித்து மேலே கயிற்றில் கட்டுங்கள். அப்போதுதான் மேல்பக்கம் திறந்து காற்று போகும், கீழே குஞ்சின் மேல் அடிக்காது. பலர் இதைத் தலைகீழாக, ஜன்னல் திரை மாதிரி மேலிருந்து தொங்க விடுகிறார்கள். அப்படிச் செய்தால் குளிர் கீழே புகும், கெட்ட காற்று மேலே தேங்கும்.

தரையில் இரண்டரை அங்குலம் உமி. மூன்று நான்கு சாக்கு பிடிக்கும். இங்கே தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரத்தோடு அள்ளிப் போடாதீர்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததென்றால் உமியோடு பாதிக்குப் பாதி கலக்கலாம்.

குஞ்சு வருவதற்கு நான்கு மணி நேரம் முன்பே அடைப்பில் சூடு ஏறியிருக்க வேண்டும். ஒன்றரை அடி உயர அட்டையையோ தகரத்தையோ 4 அடி விட்டத்துக்கு வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருக்கியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்துச் சாகும். நடுவில் ஓரடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு இரண்டு தொங்க வேண்டும். எல்இடி பல்பில் வெளிச்சம் இருக்கும், குஞ்சு காயுமளவு சூடு வராது, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஒரே பெரிய பல்பாகப் போட்டால் நடு இரவில் அது பியூஸ் போனதும் எல்லாம் போச்சு. அதனால்தான் இரண்டு. கரண்ட் போனால் மண்சட்டியில் கரித்தணல் வைத்து, சாம்பல் மூடி, மேலே ஓட்டை போட்ட தகரத்தைக் கவிழ்க்கலாம். அந்த நேரம் படுதாவின் மேல்பக்கம் திறந்தே இருக்க வேண்டும், தணல் வாயு கொல்லும்.

முதல் வாரம் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 33 டிகிரி அளவு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையட்டும். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவிப் படுத்திருந்தால் சரி. ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் மேலே எவ்வளவு சூடு இருந்தாலும் தரை சூடேறவில்லை, உமி போதவில்லை என்று பொருள்.

வந்ததும் முதலில் தண்ணீர்தான். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிற வேலை இது. கை கழுவிவிட்டுத் தொடச் சொல்லுங்கள், தொட்ட பிறகும் கழுவச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து உமி மேல் செய்தித்தாள் விரித்துத் தீவனத்தைத் தூவுங்கள். மறுநாள் காலை கழுத்தடியில் இரைப்பையைத் தடவினால் நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். காலியாக இருக்கிற குஞ்சைத் தனியே எடுத்து மறுபடி அலகை நனைத்து விடுங்கள். மூன்றாம் நாள் தாளை எடுத்துவிடலாம்.

தீவனக் கணக்கு, 30 கோழிக்கு: முதல் 10 நாள் பிரீ ஸ்டார்ட்டர் 7 கிலோ, 3 வாரம் முடியும்வரை ஸ்டார்ட்டர் 28 கிலோ, அதன் பிறகு ஃபினிஷர் 65 கிலோ. 40 நாளில் 1.8 முதல் 2 கிலோ வரை எடை நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கோழியைப் பையில் போட்டு நிறுத்துச் சராசரி எடுங்கள். 7 நாளில் 150 கிராம், 14 நாளில் 400, 21 நாளில் 800 வந்தால் வளர்ப்பு சரி. 7 நாளில் 120 கிராம்கூட வரவில்லை என்றால் சூடு போதவில்லை, அந்த இழப்பு பிறகு எவ்வளவு போட்டாலும் முழுதாகத் திரும்பாது.

மிச்ச சோறு போடும் பழக்கம் நாட்டுக்கோழிக்குச் சரி. கறிக்கோழிக்குச் சோறு கொடுத்தால் வயிறு நிறையும், புரதம் குறையும், கொழுப்பு சேரும். மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போதும். கருவாட்டுத் தலையும் ஊறுகாய்த் தண்ணீரும் கூடவே கூடாது. உப்பு கோழியைக் கொன்றுவிடும். மூட்டையைப் பலகை மேல் வையுங்கள். ஆடி மாதத்தில் தரையில் வைத்த தீவனம் பூசணம் பிடித்தால் சல்லடையில் சலித்துக்கூடப் போடாதீர்கள், தென்னங்குழியில் புதைத்துவிடுங்கள்.

இனி ஈரம். காலையில் முதல் வேலையாக முள்வாரியால் உமியைக் கிளறுங்கள். ஐந்து நிமிட வேலை, பள்ளிக்குக் கிளம்புமுன் பிள்ளைகளே செய்யலாம். தண்ணீர் டப்பாவைச் செங்கல் மேல் வைத்து, விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வரும்படி வாராவாரம் உயர்த்துங்கள். தாழ இருந்தால் சிந்தும், எச்சமும் விழும். ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அள்ளி வெளியே போட்டுப் புதிய உமி தூவுங்கள். கொட்டாயில் குனிந்து நிற்கும்போது கண் எரிந்தால் கோழிக்கு அதைவிட அதிகம் எரியும், சளி பிடிக்கப் போகிறது. ஈர உமியில்தான் ரத்தக் கழிச்சல் கிருமியும் பெருகும். மூன்றாவது வாரத்துக்கு மேல் எச்சத்தில் சிவப்பு தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டி ஆம்புரோலியம் மருந்தின் அளவு கேளுங்கள், உமியையும் மாற்றுங்கள். மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு 5 முதல் 7 நாளுக்குள் லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணில், 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, 21 நாளுக்கு மேல் லசோட்டா மறுபடி. மருந்தை ஐஸ் வைத்த தூக்கில் கொண்டுவந்து, மாலை வெயில் தணிந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரில் கலந்து கொடுப்பதென்றால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்த பிறகே மருந்து.

வெயில் காலத்தில் ஒன்றரைக் கிலோ தாண்டிய கோழிக்கு 10 மணியிலிருந்து 4 மணி வரை தீவனத்தைத் தூக்கிவிடுங்கள். செரிமானச் சூடும் வெயில் சூடும் ஒன்றாகச் சேர்வதுதான் நண்பகல் சாவுக்குக் காரணம். தண்ணீரை மட்டும் இரண்டு மணிக்கொருமுறை மாற்றுங்கள். கூரைமேல் தண்ணீர் தெளிக்கலாம், கோழிமேல் வேண்டாம். ஏழு வாரத்துக்கு மேல் எதற்காகவும் வைத்திருக்காதீர்கள். தின்பது கூடும், காலும் இதயமும் தாங்காது. திருவிழாவரை நிறுத்திவைக்க நினைப்பவர்கள் குஞ்சு வாங்கும் நாளைத்தான் தள்ளிவைக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நவம்பர் நடுவில், தீபாவளிக்கு 40 நாள் முன்பு. அக்கம்பக்கத்துக்கு விற்பதாக இருந்தால் புரட்டாசியிலும் கார்த்திகை மண்டல காலத்திலும் வாங்குபவர் குறைவு. மலையாள வீடுகளில் கர்க்கடகத்திலும், அதாவது நம் ஆடியிலும், அப்படியே.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் குஞ்சு எடுப்பதை ஒத்திப்போடுங்கள். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வந்தபோது எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். அந்த நேரம் வாத்தோ கோழியோ எந்தப் பக்கத்திலிருந்தும் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.

அறுக்குமுன் 8 மணி நேரம் தீவனம் வேண்டாம், தண்ணீர் இருக்கட்டும். குடல் காலியாக இருந்தால் கறியில் அழுக்குப் படாது. ரத்தம் முழுதும் வடிந்த பிறகு 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு கையோடு வரும். கொதிநீரில் முக்கினால் தோல் வெந்து கிழியும். 2 கிலோ கோழியில் ஏறக்குறைய 1.4 கிலோ கறி. மருந்து கொடுத்திருந்தால் அட்டையில் போட்டிருக்கும் இடைவெளி நாள் முடியாமல் அறுக்க வேண்டாம்.

கடைசிக் கோழி போனதும் உமியை முழுக்க வாரி, தரையைக் கழுவிக் காயவிட்டு, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். அடுத்த குஞ்சு வர 15 நாளாவது கொட்டாய் காலியாகக் கிடக்கட்டும். வாரிய எருவைப் பச்சையாக வாழைக்கு வைத்தால் வேர் கருகும். நிழலில் குவித்து, லேசாக ஈரமாக்கி, மூடி, இரண்டு மாதம் மக்கவிட்டுத் தென்னையின் வட்டப்பாத்தியில் மரத்தைவிட்டு 4 அடி தள்ளிப் போட்டு மண் மூடுங்கள்.