தாதுப் பேழையும் கண்ணாடிப் பெட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தர் பிறந்த நாளான வைசாகப் பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் "தாதுவுக்கு ஒரு பெட்டி செய்யணுமே" என்ற பேச்சே எழும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சிறிய விகாரைக்கோ மன்றத்துக்கோ இலங்கை, தாய்லாந்திலிருந்து தாது, அதாவது புத்தர் அல்லது அவருடைய சீடர்களின் எலும்பு, பல் போன்ற புனித எச்சம், வந்தால் பெரும்பாலும் இதே கதைதான். செருப்பைக் கழற்றுங்கள், கையால் தொடாதீர்கள் என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்தியில் ஒரு குறையும் இல்லாதவர்கள் செய்கிற தவறுகள் வேறு.

அவசரப் பெட்டி

நினைத்தாலே எரிச்சல் வருவது இதுதான். தச்சர் பிளைவுட்டில் அடிப்பெட்டி அடிக்கிறார். உள்ளே பசை தடவிச் சிவப்பு வெல்வெட். வெளியே எனாமல் பெயின்ட். மேலே நாலு பக்கமும் கண்ணாடி. சந்துகளை ஹார்டுவேர் கடையில் கிடைத்த சிலிக்கானை வைத்து அடைக்கிறார்கள். "காத்து கூடப் போகாதுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பெயின்ட் வாசனை போவதற்குள் தாதுவை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்.

அந்தப் போகாத காற்றில்தான் கேடு இருக்கிறது. பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிந்துகொண்டே இருக்கும். மரத்திலிருந்தே அசிட்டிக் அமில ஆவி வரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் பெரும்பாலும் 'அசிட்டாக்ஸி' வகை. டியூப்பைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வினிகர் வாசனைதான் அதன் அடையாளம். இறுகும்போது அது வெளிவிடுவது அதே அசிட்டிக் அமிலம். திறந்த அலமாரி என்றால் இந்த ஆவியெல்லாம் கலைந்து போயிருக்கும். பெட்டியை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோமோ அவ்வளவுக்கு அமிலம் உள்ளேயே சேரும்.

பெட்டிக்குள் தாதுவைத் தாங்கியிருக்கும் சிறு பேழையில் ஈயம் இருந்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். செம்பு, வெண்கலம் பச்சை பிடிக்கும். முத்து, சங்கு, சிப்பி எல்லாம் சுண்ணாம்புச் சத்து. பளபளப்புப் போய் மேலே உப்புப் படியும். எலும்பும் அமிலத்துக்கு ஆகாது. முத்துப்போல் மினுமினுக்கும் தாது மணிகள் மங்கினால் "தாது கோபித்துக்கொண்டது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பலகையை யாரும் சந்தேகிப்பதில்லை. போன பளபளப்பு பிறகு எந்தப் பூஜைக்கும் திரும்பாது.

பெட்டியை மரமில்லாமல் செய்வதே வழி. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் பட்டறைகளை வைத்துக்கொண்டு பிளைவுட்டைத் தேடிப்போவானேன்? இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குல கனத்தில் ஒரு கிரானைட் பலகை சுமார் 50 கிலோ வரும். ஆவி விடாது, கூட்டம் முட்டினாலும் எளிதில் நகராது. சட்டத்துக்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) அல்லது பவுடர் கோட்டிங் செய்த இரும்பு. மேலே டஃபன்ட் கிளாஸ். சிலிக்கான் வாங்கும்போது 'நியூட்ரல் கியூர்' (அமிலம் விடாமல் இறுகும் வகை) என்று கேட்டு வாங்கி, டியூப்பின் மேல் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள். பூசியபின் பெட்டியை இரண்டு வாரமாவது திறந்து போட்டுவிட்டு, அதன்பிறகே தாதுவை வையுங்கள். வைசாகத்துக்குப் பெட்டி வேண்டுமென்றால் பங்குனியிலேயே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

கீழே விரிக்க வெல்வெட் வேண்டாம், சாயம் விடும். கம்பளித் துணியும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். சாயமில்லாத பருத்தித் துணியைக் கஞ்சி போகும்வரை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, நன்றாகக் காயவைத்து விரியுங்கள்.

சந்தேகமான பொருளைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டைப் பளபளவென்று தேய்த்து, சந்தேகப்படும் பலகைத் துண்டோடும் ஈரப்பஞ்சோடும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடுங்கள். ஆய்வகத்தில் இதையே ஈயம், செம்பு, வெள்ளித் தகடுகளோடு 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். வீட்டில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து இரண்டு மாதம் விட்டுவையுங்கள். ஈயத்தில் வெள்ளை தெரிந்தால் அந்தப் பலகையைத் தூக்கிப் போடுங்கள். வெள்ளை தெரியாததால் மட்டும் முழு நல்லது என்றும் ஆகிவிடாது.

பெட்டிக்குள் விளக்கு

ஹாலஜன் பல்பு பெட்டியைச் சுடவைக்கும். இரவு அணைத்தால் குளிரும். சூடும் குளிருமாக மாறி மாறி எலும்பில் கீறல் விழும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஆனால் எண்ணைவிட அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். எல்இடி போட்டாலும் அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பட்டும் ஓலையும் உள்ளே இருந்தால் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். மங்கலாகத்தான் தெரியும், கண் பழகிவிடும்.

சிலிக்கா ஜெல் போடுவதிலும் தவறு நடக்கிறது. கடையில் வாங்கிய ஜெல் முழுக்கக் காய்ந்தது. அப்படியே உள்ளே கொட்டினால் எலும்பிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும். 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்து, அந்த ஈரத்துக்குப் பழக்கிய பிறகே வைக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது அருங்காட்சியகங்களில் சொல்லும் கணக்கு. ஓரடிக் கனசதுரப் பெட்டிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

பாலாபிஷேகம்

வேண்டாம். சந்தனம், குங்குமம், பன்னீருக்கும் இதே பதில்.

போர் தண்ணீரால் துடைப்பது

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கெட்டிலைத் திறந்து பார்த்தாலே தெரியும். கண்ணாடியைத் துடைத்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதைச் சுரண்டப்போய்க் கீறல் விழும். கேன் தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் தெளிக்கக் கூடாது, இணைப்பு வழியே உள்ளே இறங்கிவிடும். நீர்ப் படையல் கிண்ணங்களுக்கும் அதே கேன் தண்ணீர்தான்.

எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, ஓசூர் ரோஜா

மூன்றும் காணிக்கைதான், யாரும் தடுக்கவில்லை. பெட்டியிலிருந்து ஆறடி தள்ளித் தனி மேஜை போடுங்கள். கற்பூரத்தை மட்டும் அரங்குக்கு வெளியே வையுங்கள். பூவை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும்.

வரிசைக்குக் கணக்குப் போடாமல் இருப்பது

ஒருவர் மூன்று விநாடி நின்றால் மணிக்கு 1,200 பேர் வணங்கலாம். செல்போன் எடுத்துப் பத்து விநாடி நின்றால் 360 பேர்தான். வெளியே வெயிலில் நிற்கும் பாட்டிகளை நினைத்தாவது போன் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வலம் வரும் பாதை நாலடிக்குக் குறையக் கூடாது. திசை வலப்புறமாக மட்டும்.

அடிக்கடி திறந்து காட்டுவது

முக்கியப் பிரமுகர் வந்தார், பேழையைத் திறந்தோம் என்பது வழக்கமாகிவிட்டால் நிறுத்துவது கடினம். சாஞ்சி சேதியகிரி விகாரையில் புத்தரின் முதன்மைச் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் தாதுக்களைப் பொதுமக்கள் பார்ப்பது நவம்பர் விழாவில்தான். அங்கேயே அப்படி என்றால் நமக்கு ஆண்டுக்கு ஒரு நாள் தாராளம்.

திறக்கும் நாளில் இரண்டு பேர், இரண்டு சாவி, ஒரு பதிவேடு. தாது மணிகளை எண்ணி, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் எடையெடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். தாது தானாகப் பெருகும் என்ற நம்பிக்கை பல பௌத்த நாடுகளில் உண்டு. நம்புவதில் தவறொன்றுமில்லை, எண்ணிக்கை எழுதியிருந்தால்தானே பெருகியதா என்று தெரியும்.

ஊர்வலம்

இலங்கையில் கண்டியின் தாது ஊர்வலமான எசல பெரஹராவில் யானை சுமப்பது பேழையின் மாதிரியைத்தான். புத்தரின் பல்லான தந்த தாது மாளிகையிலேயே இருக்கும். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் திறந்த டெம்போவில் உண்மைத் தாதுவை ஏற்றுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

கண்டதையெல்லாம் தாது என்பது

நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தைத் தோண்டினால் எலும்பும் மணியும் கிடைப்பது அதிசயமில்லை. மல்லச்சந்திரம் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது பழைய ஈமக்காடு நிறைந்த பூமி என்று தெரியும். முதுமக்கள் தாழியில் கிடைத்த எலும்போடு சூதுபவள மணியும் இருந்தால் உடனே "புத்தர் தாது" என்று பேனர் வைத்துவிடுகிறார்கள். 1898இல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் கிடைத்தவற்றைத் தாது என்று ஏற்றது, அவை செங்கல் தூபிக்குள் கற்பெட்டியில் இருந்ததாலும், பேழை ஒன்றில் பிராமி எழுத்தில் அது யாருடையது என்று பொறித்திருந்ததாலும்தான். மணி ஒன்றை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எடுத்ததைக் கழுவாமல், எடுத்த இடத்தைக் கலைக்காமல், அப்படியே மூடிவைத்துவிட்டு மனு எழுதுங்கள்.