நாள்பட்ட இடுப்பு வலி: பக்கத் தசையைக் கையால் தளர்த்தும் முறை

மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும் இடுப்பு வலிக்கு வீட்டில் பிடித்துவிடும்போது, கை பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் போய் நிற்கும். வலிப்பவர் முதுகுத்தண்டைத் தொட்டுக் காட்டுவார், அங்கேயே அழுத்துவார்கள். பல பேருக்கு இறுகிக் கிடப்பது தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கும் குவாட்ரேட்டஸ் லம்போரம் தசை. கடைசி விலாவிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அது இறங்குகிறது.

கால் பலமிழப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, அண்மையில் விழுந்த அடி, எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், புற்றுநோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வலிக்கும் பக்கம் மேலே வரும்படி பாயில் ஒருக்களித்துப் படுக்கட்டும். மெத்தை வேண்டாம், அழுத்தம் அதற்குள் அமுங்கிவிடும். இடுப்புக்கடியில் சுருட்டிய துண்டு, மேல்கை தலைக்கு மேல், கீழ்முழங்கால் மடக்கி, மேல்கால் நீட்டிச் சற்றுப் பின்னால். இப்படிப் படுத்தால்தான் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே கை புக இடம் கிடைக்கும்.

முதுகுப்புறம் மண்டியிடுங்கள். எலும்பு விளிம்புக்குச் சற்று மேலே, தண்டையொட்டிய தடித்த தசைக்கு வெளியே கட்டைவிரலை வைத்து, அதன்மேல் மற்றக் கட்டைவிரல். வயிற்றை நோக்கி அழுத்தாமல், முதுகெலும்பின் பக்கவாட்டை நோக்கி அழுத்துங்கள். கை நேராக இருக்கட்டும். விரல்பலத்துக்குப் பதில் உடல் எடை மெல்ல இறங்க வேண்டும். கடைசி விலாவையும் அதன் அடியையும் தொடவே கூடாது. அந்த விலா எளிதில் முறியும், உள்ளே சிறுநீரகம் இருக்கிறது.

பத்துக்கு ஐந்து, ஆறு அளவு வலி போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அதிகம். தசை எதிர்த்து இறுகும். முதுகில் ஏறி மிதிப்பது பலிக்காததற்கும் இதுவே காரணம். 30 முதல் 60 விநாடி அசையாமல் காத்திருங்கள், அடியில் இளகுவது கைக்கே தெரியும். அப்போது மூச்சை விட்டபடி குதிகாலைக் கீழ்நோக்கி நீட்டித் தளர்த்தச் சொல்லுங்கள், ஐந்து முறை. பிறகு இரண்டு சென்டிமீட்டர் நகருங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். எண்ணெய் இரண்டு சொட்டுதான்; கூடினால் விரல் வழுக்கும்.

அடுத்து இடுப்பெலும்பு விளிம்புக்கு மூன்று விரல் கீழே, பிட்டத்தின் பக்கவாட்டிலும் இதேபோல் அழுத்திப் பாருங்கள். தனியாக இருப்பவர் சுவருக்கும் பிட்டத்துக்கும் இடையில் டென்னிஸ் பந்து வைத்துச் சாயலாம். காலில் மின்சாரம் பாய்வதுபோல் ஓடினால் அது நரம்பு, உடனே இடம் மாற்றுங்கள்.

முடிந்ததும் கையூன்றி எழுந்து பத்து நிமிடம் நடக்கட்டும். ஓரிரு நாள் லேசான வலி இயல்பு. அது அடங்கிய பிறகே அடுத்த முறை. ஐந்தாறு தடவைக்குப் பின்னும் மாற்றமில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். இந்தத் தளர்வு அதிக நாள் நிற்காது. அதனால் அன்றே ஒருக்களித்து, முழங்காலும் முழங்கையும் ஊன்றி இடுப்பை உயர்த்தி 10 விநாடி நிறுத்துவதை ஐந்து முறை செய்யத் தொடங்குங்கள்.