ஐடி டிபார்ட்மென்ட்ல எந்த வேலைக்கு யார் பொறுப்பு: புதுசா மேனேஜர் ஆனவங்களுக்கு

நூத்தம்பதுல இருந்து முந்நூறு பேர் வேலை பாக்குற கம்பெனி, ஐடில நாலஞ்சு பேர், அதுல சீனியரா இருந்த உங்களைக் கூப்பிட்டு இனிமே நீங்கதான் ஐடி மேனேஜர்னு சொல்லிட்டாங்க, சம்பளமும் கொஞ்சம் ஏறிச்சு, ஆனா என்ன பண்ணணும்னு மட்டும் யாரும் சொல்லல. இது அந்த மாதிரி ஆளுங்களுக்கு எழுதுறது. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனில இதெல்லாம் ஏற்கனவே ப்ராசஸா ஓடிட்டிருக்கும். நான் சொல்றது மில்லு, எக்ஸ்போர்ட் யூனிட், ஆஸ்பத்திரி, காலேஜ், டீலர்ஷிப்னு ஐடி தொழில் இல்லாத, ஆனா ஐடி நின்னா தொழிலும் நின்னுபோற இடங்களைப் பத்தி.

மேனேஜர் ஆன உடனே நிறைய பேர் பண்றது ஆர்க் சார்ட், அதாவது யாருக்குக் கீழ யார்னு காட்டற படம் போடறது. பாக்க அழகா பெட்டி பெட்டியா பதவி இருக்கும், ஆனா சனிக்கிழமை ராத்திரி ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குக் காவல் நிக்கற பெட்டி) படுத்துட்டா யார் போனை எடுக்கணும்னு அதுல இருக்காது. அதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு எக்செல் ஷீட் திறங்க. அஞ்சு தலைப்பு போதும்: என்ன வேலை, யார் செய்யறாங்க, யார் பதில் சொல்லணும், அவர் லீவ்ல இருந்தா யார், செய்முறை எங்க எழுதி வெச்சிருக்கு. செய்யறவங்க ரெண்டு மூணு பேர் இருக்கலாம், பதில் சொல்றது ஒரே ஒரு பேர்தான். "நெட்வொர்க் டீம்"னு எழுதக்கூடாது, "எல்லாரும்"னு எழுதவே கூடாது, ஆள் பேர் வேணும்.

வேலை லிஸ்ட்டை எங்க இருந்து எடுக்கறதுன்னு கேப்பீங்க. உங்க டீம் கிட்ட கேட்டா அவங்களுக்கு ஞாபகம் இருக்கறதுதான் வரும். அக்கவுன்ட்ஸ்ல போய் போன ஒரு வருஷத்து லெட்ஜர்ல இன்டர்நெட், சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) இந்த தலைப்புல போன பேமென்ட் எல்லாத்தையும் வாங்கிப் பாருங்க, எம்டியோட கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேத்துக்கங்க. மார்க்கெட்டிங்ல யாரோ தனியா வாங்கின ஈமெயில் சர்வீஸ், ரெண்டு வருஷமா யாரும் தொடாத ஒரு கிளவுட் சர்வர், மூடின பிராஞ்ச்சுக்கு இன்னும் கட்டிட்டிருக்கற பிராட்பேண்ட் பில்னு எல்லாம் அங்கதான் வெளில வரும். பணம் போற ஒவ்வொரு வரிக்கும் ஷீட்ல ஒரு வரி வரணும்.

ஷீட் போட்டு முடிச்சதும் டீம்ல ஒவ்வொருத்தரா ஒரு வாரம் லீவ்ல அனுப்புங்க, போன் பண்ணக்கூடாதுன்னு கண்டிஷனோட. அந்த வாரத்துல எது நின்னுச்சோ, எதுக்கு ஆளைத் தேடினீங்களோ, அதுதான் எழுதாம விட்டது.

ஆளுங்களைப் பிரிக்கறது

நாலஞ்சு பேர்ல ஒருத்தர் ஹெல்ப்டெஸ்க், ஒருத்தர் சர்வர் நெட்வொர்க், ஒருத்தர் ஈஆர்பியும் (ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ்னு எல்லா டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து யூஸ் பண்ற சாஃப்ட்வேர்) கணக்கு எழுதற டேலியும், ஒருத்தர் சிசிடிவி பயோமெட்ரிக் யுபிஎஸ் பிரிண்டர்னு ஓடற ஆள், இப்படித்தான் எங்கயும் இருக்கும். ஒரே ஆள் ரெண்டு தொப்பி போடறது தப்பில்ல, சின்ன டீம்ல வேற வழியும் இல்ல. ஆனா சில ஜோடி மட்டும் ஒரே கையில இருக்கக்கூடாது. ஆக்சஸ் வேணும்னு சரி சொல்றவரும் ஆக்சஸ் போட்டுக் குடுக்கறவரும் வேற வேற ஆளா இருக்கணும். சாமான் வாங்க கொட்டேஷன் வாங்குறவரும், வந்த சாமானை எண்ணி கையெழுத்து போடறவரும் வேற. பேக்கப் எடுக்கறவர் ஒருத்தர்னா அதை ரீஸ்டோர் பண்ணிப் பாக்குறவர் இன்னொருத்தர். சந்தேகப்பட்டு சொல்லல, தன் வேலையைத் தானே செக் பண்ணா யாருக்கும் எல்லாம் சரியாத்தான் தெரியும்.

ஈஆர்பி விஷயத்துல எப்பவும் ஒரு இழுபறி வரும். சாஃப்ட்வேர் ஓடறது ஐடி பொறுப்பு, உள்ள இருக்கற டேட்டா அந்த டிபார்ட்மென்ட் பொறுப்பு. ஐட்டம் மாஸ்டர்ல, அதாவது சாமான் லிஸ்ட்ல, ஒரே ரக நூலுக்கு நாலு கோட் நம்பர் போட்டு வெச்சிருந்தா அது ஸ்டோர்ஸ் ஹெட் பதில் சொல்ல வேண்டியது, ஐடி பையன் ராத்திரி உக்காந்து சரி பண்ண வேண்டியதில்ல. ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ்னு ஈஆர்பில இருக்கற ஒவ்வொரு மாட்யூலுக்கும் பிசினஸ் பக்கத்துல ஒரு பேர் வாங்கி எழுதிக்கங்க. யாருக்கு எந்த ஸ்க்ரீன் திறக்கலாம்னு அவர்தான் மெயில்ல சொல்லணும், நீங்க திறந்து விடறதோட சரி.

பேக்கப்

இதுல மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். 2017 ஜனவரி 31ம் தேதி, டெவலப்பர்களுக்கு சாஃப்ட்வேர் டூல் விக்கற கிட்லேப் கம்பெனில ஒரு இன்ஜினியர் ராத்திரி வேலை பாத்துட்டு இருக்கும்போது செகண்டரி சர்வர்னு நெனச்சு மெயின் டேட்டாபேஸ் சர்வர்ல இருந்த டேட்டாவை அழிச்சிட்டார். கவனிச்சு நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. சரி பேக்கப் இருக்கேன்னு போய்ப் பாத்தா அங்கதான் கூத்து. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன்ல ஓடுது, டம்ப் (டேட்டாபேஸ் காப்பி) எடுக்கற டூல் 9.2, அதனால பேக்கப் ஃபெயில் ஆயிட்டே இருந்திருக்கு, ஃபெயில்னு சொல்ற மெயிலும் டிமார்க் (மெயில் நிஜமா அந்த இடத்துல இருந்துதான் வந்துச்சான்னு பாக்குற செக்) பிரச்சனைல ரிஜெக்ட் ஆகி யார் கைக்கும் போகல. வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவோட காப்பி ஒண்ணு இருந்துச்சு, அதை வெச்சுத்தான் எழுந்தாங்க. அப்புறம் அவங்களே வெளிப்படையா எழுதின ரிப்போர்ட்ல, பேக்கப்பை ஏன் டெஸ்ட் பண்ணலன்னா அது யாரோட பொறுப்புன்னு இல்லாததாலன்னு ஒத்துக்கிட்டாங்க. உலகத்துக்கே டெவலப்பர் டூல் விக்கற கம்பெனில, நம்ம ஷீட்ல சொன்ன "யார் பதில் சொல்லணும்"ங்கற கட்டம் காலியா இருந்திருக்கு.

உங்க இடத்துல இதை இப்படி பண்ணலாம். 3-2-1 தெரிஞ்சிருக்கும்: மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வெளில. வெளில இருக்கறது நெட்வொர்க்ல மாட்டாம இருக்கணும், சர்வர்ல ஒரு டிரைவ் லெட்டரா மேப் பண்ணி வெச்ச நாஸ் பெட்டியை (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்), ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்கற ரான்சம்வேர் வந்தா அதையும் சேத்துப் பூட்டிடும். மாசத்துக்கு ஒரு நாள், பேக்கப் எடுக்காத ஆள் டேலி டேட்டாவை வேற ஒரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி, அக்கவுன்ட்ஸ்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு, கடைசி வவுச்சர் நம்பர் என்ன, தேதி என்ன, பேங்க் பேலன்ஸ் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லணும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். "பேக்கப் சக்சஸ்"னு வர்ற பச்சை டிக் ஃபைல் காப்பி ஆச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, திறக்குமான்னு அதுக்குத் தெரியாது.

வர்றவங்க, மாறறவங்க, போறவங்க

புது ஆள் சேர்ந்தா லாகின் ஐடி கொடுக்கறது எல்லாரும் பண்ணிடுவாங்க, ஏன்னா அவர் வந்து பக்கத்துல நிப்பார். போறவங்க விஷயம்தான் கோட்டை விடற இடம். அமெரிக்காவுல குழாய் வழியா பெட்ரோல் அனுப்பற கலோனியல் பைப்லைன் கம்பெனி ரான்சம்வேர்ல மாட்டி 2021 மே மாசம் சப்ளையையே நிறுத்த வேண்டி வந்துச்சு, ஹேக்கருங்க உள்ள வந்தது யாரும் யூஸ் பண்ணாத ஒரு பழைய விபிஎன் (வெளில இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுன்ட் வழியா, அதுல ரெண்டாவது கட்ட ஓடிபி மாதிரி எதுவும் இல்ல, வெறும் பாஸ்வேர்ட். ஹேக்கருங்க கேட்ட 44 லட்சம் டாலரைக் குடுத்தாங்க. அந்த அக்கவுன்ட்டை மூட வேண்டியது யாருன்னு ஒரு பேர் இருந்திருந்தா கதை வேற.

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஃபார்ம்ல ஐடி கையெழுத்து இல்லாம பணம் ரிலீஸ் ஆகக்கூடாதுன்னு ஹெச்ஆர் கிட்ட பேசி முடிவு பண்ணிடுங்க. ஆனா அக்கவுன்ட் மூடறதுக்கு செட்டில்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, கடைசி வேலை நாள் சாயங்காலமே மூடணும், அதை மதியத்துக்குள்ள மெயில் அனுப்பிச் சொல்ல வேண்டியது ஹெச்ஆர் பொறுப்பு. டிபார்ட்மென்ட் மாறினவங்களை சுத்தமா மறந்துடறாங்க. பர்ச்சேஸ்ல இருந்து அக்கவுன்ட்ஸுக்கு மாறின ஆளுக்கு பழைய ரைட்ஸ் அப்படியே இருந்தா அவரே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டு அவரே பில் பாஸ் பண்ணலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை யூசர் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு ஹெட் கையிலயும் குடுத்து அடிக்க வேண்டியதை அடிக்கச் சொல்லுங்க. பேப்பர்ல குடுத்தா பாப்பாங்க, மெயில்ல அனுப்பினா "ஓகே"ன்னு வந்துடும்.

ஹெல்ப்டெஸ்க்

வாட்ஸ்அப் குரூப்ல கம்ப்ளெயின்ட் வாங்காதீங்க. பாத்தவர் இன்னொருத்தர் பாத்துப்பார்னு விடுவார், பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவுல சர்வர் ஸ்லோன்னு ஒரு மெசேஜ் புதைஞ்சு போகும். ஜிஎல்பிஐ, ஓஎஸ்டிக்கெட் மாதிரி காசில்லாத டிக்கெட் சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு பழைய மெஷின்ல போட்டா ஓடும். முதல் மாசம் யாரும் டிக்கெட் போட மாட்டாங்க, போன்தான் பண்ணுவாங்க, போனை எடுத்தவரே டிக்கெட் போட்டுடணும், சண்டை போட வேணாம்.

எது அவசரம்னு கத்தற சத்தத்தை வெச்சு முடிவு பண்ணக்கூடாது, எத்தனை பேர் வேலை நிக்குது, என்ன தேதின்னு பாக்கணும். மாசாமாசம் ஃபைல் பண்ற கம்பெனின்னா ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அந்த நாளுக்கு முந்தின ரெண்டு நாள், சம்பளம் போடற நாள், இதுல எல்லாம் சர்வர்ல கை வைக்கறதில்லன்னு ஒரு காலண்டர் போட்டு மாட்டிடுங்க. டிஸ்பேட்ச்ல லேபிள் பிரிண்டர் நின்னா லாரி நிக்கும், அது எம்டி லேப்டாப் வால்பேப்பரை விட முக்கியம். இதை எம்டி கிட்டயே ஒரு தடவை சொல்லி ஒத்துக்க வெச்சுட்டா அப்புறம் பிரச்சனை இல்ல. அதே பிரிண்டருக்கு ஒரே மாசத்துல மூணு டிக்கெட் வந்தா அது இனிமே ஹெல்ப்டெஸ்க் வேலை இல்ல, ஏன் வருதுன்னு கண்டுபிடிக்க வேற ஒருத்தர் பேருக்கு மாத்துங்க.

ஐடி முடிவு பண்ணக் கூடாதது

சர்வர் எத்தனை மணி நேரம் நிக்கலாம், எவ்வளவு நேரத்து டேட்டா போனா தாங்கும், இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியது மேனேஜ்மென்ட். நீங்களா ஒரு நம்பர் போட்டுக்கிட்டு அதுக்கு ஏத்த மாதிரி பேக்கப் வெச்சா, விழுந்த அன்னிக்கு "நாலு மணி நேரமா?"ன்னு கேப்பாங்க. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு செலவு, ஒரு நாளுக்கு இவ்வளவுன்னு ரெண்டு மூணு ரேட் எழுதிக் குடுத்து எது வேணும்னு கேளுங்க.

ரிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியோட முடிஞ்சுது. டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய மெஷினெல்லாம் முறைப்படி விண்டோஸ் 11க்குப் போகாது. எத்தனை மெஷின், மாத்த எவ்வளவு, மாத்தலன்னா என்ன ஆகலாம்னு மெயில் போடுங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்னு அவங்க சொன்னா சரின்னு அந்த பதிலை ஃபைல் பண்ணி வெச்சுட்டு, அதுவரைக்கும் அந்த மெஷின்களை இன்டர்நெட்ல இருந்து பிரிச்சு வையுங்க. வாய்ல சொன்ன ரிஸ்க் உங்க ரிஸ்க், எழுதிக் குடுத்தது அவங்க ரிஸ்க்.

ஏமாத்து மெயில் விஷயத்துலயும் இதே தெளிவு வேணும். சப்ளையர் பேர்ல "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு மெயில் வந்து அக்கவுன்ட்ஸ் பணம் அனுப்பிட்டா உடனே ஐடியைத்தான் பாப்பாங்க. ஃபில்டர் போடறது உங்க வேலை. ஏற்கனவே நம்ம கிட்ட இருக்கற பழைய நம்பருக்கு போன் பண்ணி கன்ஃபர்ம் பண்றது அக்கவுன்ட்ஸ் வேலை, அதை அவங்க பேர்லயே ஷீட்ல எழுதணும். பணம் போயிடுச்சுன்னா பேங்க்குக்கும் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கும் யார் உடனே கூப்பிடணும்ங்கறதையும்.

சட்டம்

சுருக்கமா சொல்றேன். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ம் தேதி போட்ட உத்தரவுப்படி லிஸ்ட்ல இருக்கற சைபர் சம்பவம் எதுன்னாலும் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும், சிஸ்டம் லாக் (யார் எப்ப என்ன பண்ணாங்கன்ற பதிவு) 180 நாள் வெச்சிருக்கணும். ஆறு மணி நேரத்துல யார் எழுதறது யார் அனுப்பறதுன்னு அன்னிக்கு உக்காந்து பேசிட்டு இருக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் லாக் (கணக்குல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்ற பதிவு) 2023 ஏப்ரல் 1ல இருந்து கட்டாயம், அதை யாரும் ஆஃப் பண்ண முடியாத மாதிரி இருக்கணும், ஆடிட்டர் கேப்பார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சு, பாதுகாப்பு ஏற்பாட்டுல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். உங்க கிட்ட யாரோட ஆதார் காப்பி, பேங்க் டீடெய்ல்ஸ் எங்க எங்க கிடக்குன்னு ஹெச்ஆரோட உக்காந்து லிஸ்ட் எடுங்க, ரிசப்ஷன் மெஷின் டெஸ்க்டாப்ல கூட இருக்கும்.

வென்டர்

டொமைன் (கம்பெனி வெப்சைட், மெயிலோட முகவரிப் பேர்) யார் பேர்ல இருக்குன்னு இன்னிக்கே பாருங்க. வெப்சைட் பண்ணிக் குடுத்த பையனோட பர்சனல் ஜிமெயில்ல இருக்கும், அவன் இப்ப துபாய்ல இருப்பான். கம்பெனி பேருக்கு மாத்தி, ரினியூவல் மெயில் ஒரு ஆளுக்குப் போகாம ரெண்டு மூணு பேர் பாக்குற பொது மெயில்பாக்ஸுக்குப் போற மாதிரி பண்ணுங்க. ஏஎம்சி பேப்பர்ல "உடனடி சர்வீஸ்"னு இருந்தா அடிச்சுட்டு எத்தனை மணி நேரம்னு எழுத வையுங்க, ஞாயித்துக்கிழமை உண்டா இல்லையான்னும் கேளுங்க. வென்டர் இன்ஜினியருக்கு அட்மின் பாஸ்வேர்ட் குடுக்காதீங்க, தனி லாகின் போட்டு வேலை முடிஞ்சதும் மூடுங்க. மெயின் பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர்ல, அதைத் திறக்கற சாவி மட்டும் சீல் வெச்ச கவர்ல எம்டி லாக்கர்ல.

மாசா மாசம் எம்டிக்கு ஒரு பக்கம்

ஒரே பக்கம்தான், ரெண்டாவது பக்கம் யாரும் திருப்ப மாட்டாங்க. எது எவ்வளவு நேரம் நின்னுச்சு, ரீஸ்டோர் டெஸ்ட் பாஸா ஃபெயிலா, அடுத்த 90 நாள்ல எது எக்ஸ்பைரி ஆகுது எவ்வளவு பணம் வேணும், அவங்க முடிவுக்காக என்ன மெயில் எத்தனை நாளா நிக்குது. கடைசில, இந்த மாசம் ஆள் இல்லாததால எந்த வேலையைப் பண்ணாம விட்டோம்னு ரெண்டு வரி. ஆள் வேணும்னு தனியா லெட்டர் எழுதிக் கேட்டா கிடைக்காத ஆள், அந்த ரெண்டு வரி ஆறு மாசம் தொடர்ந்து மாறாம வந்தா கிடைக்கும்.